மாட்டுக்கு வைத்தியர் வந்த கதை



ஏரியூர், நெருப்பூர், நாகமரை, பெரும்பாலைப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் நிலக்கடலையும் ஒரு வருஷம் கை கொடுத்தால் அடுத்த வருஷம் கையை விரித்துவிடும். அப்படிப்பட்ட வருஷத்தில் அடுப்பு எரிவது கறவை மாட்டாலும் நாலைந்து ஆட்டாலும்தான். அந்த மாடு படுத்துவிட்டால் குடும்பமே படுத்த மாதிரி. அந்த நேரத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்து வரும். யாரைக் கூப்பிடுவது? எவ்வளவு செலவாகும்?

இதற்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் பதில் நன்றாக மனசில் பதியும். அதனால் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குதிரைக்குத்தான் முதல் மரியாதை

உலகத்தில் கால்நடை வைத்தியத்துக்கென்று முதல் பள்ளிக்கூடம் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஏற்பட்டது. 1761-இல் அரசர் அனுமதி கொடுத்தார், அடுத்த வருஷம் பாடம் ஆரம்பித்தது. அதை நிறுவிய க்ளோட் பூர்ஜெலா என்பவர் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அவருக்குத் தெரிந்தது குதிரை. அரசாங்கத்தை உலுக்கியதோ மாட்டுக் கொள்ளை நோய். ஐரோப்பாவில் அந்த நோய் கிராமம் கிராமமாகத் தொழுவங்களைக் காலி செய்துகொண்டிருந்தது.

நம் பக்கமும் அப்படித்தான். ஓசூர் கால்நடைப் பண்ணை 1824-இல் ஏற்பட்டது. எதற்கு என்று கேட்டால், கம்பெனிப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க. நூறு வருஷம் கழித்து, 1924-இல்தான் அது வேளாண்மை இலாகா கைக்கு வந்து, விவசாயியின் கால்நடைக்கான பண்ணையாயிற்று.

அதுவரைக்கும் உழவு மாட்டுக்கு யார் வைத்தியம் பார்த்தது? ஊரிலிருந்த அனுபவசாலிதான். மாட்டு வாகடம் என்று ஏட்டுச் சுவடிகள் இருந்தன. மூலிகை, கஷாயம், சூடு போடுவது எல்லாம் கைப்பழக்கமாக வந்தன. அதில் பலன் தந்தது உண்டு. மாட்டுக்கு வேதனையை மட்டும் தந்ததும் உண்டு. ஆனால் ஒரு நோய் முன்னால் எல்லாக் கைகளும் தோற்றுப் போயின. அதுதான் வெக்கை நோய்.

வெக்கை போன வழி

இன்றைய இளைஞர்கள் வெக்கையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரியவர்களைக் கேளுங்கள். கடுமையான காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பிறகு நிற்காத கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு போய்விடும். ஒரு தொழுவத்தில் வந்தால் தெருவே காலி. 1890-களில் இந்த நோய் ஆப்பிரிக்காவில் பரவியபோது, அங்கே தெற்குப் பகுதியில் பத்து மாட்டில் எட்டு ஒன்பது செத்தது. மாடு போனதும் பஞ்சம் வந்தது.

நம் நாட்டில் இதை விசாரிக்க வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. அதன் அறிக்கை 1871-இல் வந்தது. 1889-இல் புனாவில் ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பித்தார்கள். 1893-இல் அதை இமயமலைப் பக்கம் முக்தேசுவருக்கு மாற்றினார்கள். இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதன் வழி வந்ததுதான். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1897-இல் அங்கே வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் கிடைத்த மருந்து சீரம். குணம் தந்தது உண்மை. ஆனால் விலை அதிகம், பாதுகாப்பும் கொஞ்ச காலத்துக்குத்தான். ஏழை விவசாயிக்கு எட்டாத மருந்து இருந்தும் இல்லாத மாதிரிதானே? 1920-களில் முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார். நோய்க் கிருமியை வெள்ளாட்டு உடம்பில் திரும்பத் திரும்பச் செலுத்தி அதன் வேகத்தைக் குறைத்து, தடுப்பூசி ஆக்கினார். விலை மலிவு, நிறைய தயாரிக்கலாம். மாட்டைக் காப்பாற்ற உதவியது நம் வீட்டு வெள்ளாடு, பாருங்க!

தமிழ்நாட்டில் 1932-இல் ராணிப்பேட்டையில் கால்நடை மருந்து நிலையம் ஏற்பட்டது. 1954-இல் நாடு முழுக்க வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகப் போய், பணக்காரர் மாடு, ஏழை மாடு என்று பார்க்காமல் ஊசி போட்டார்கள். அதற்குப் பின் 1960-வாக்கில் கென்யாவில் ப்ளோரைட் என்பவர் இன்னும் நல்ல தடுப்பூசி தயாரித்தார். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தென்பட்டது 1995-இல். உலகத்தை விட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக, மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த நோய் இது ஒன்றுதான்.

இதிலே நமக்கு என்ன பாடம்? ஒரு விவசாயி எவ்வளவு செலவழித்தாலும் தன் மாட்டை மட்டும் வெக்கையிலிருந்து காப்பாற்றியிருக்க முடியாது. பக்கத்துத் தொழுவத்தில் நோய் இருந்தால் அது வேலி தாண்டி வந்துவிடும். அதனால்தான் அந்தச் செலவை ஊர் பொதுவாக, அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

படித்த வைத்தியர் வந்தார்

லாகூரில் 1882-இலும் பம்பாயில் 1886-இலும் கால்நடை மருத்துவப் பள்ளிகள் வந்தன. சென்னை வேப்பேரியில் 1903-இல் கல்லூரி திறந்தார்கள். 1936 முதல் அங்கே பட்டப் படிப்பு. 1985-இல் நாமக்கல்லில் ஒரு கல்லூரி வந்தது. 1989-இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் ஏற்பட்டது.

1984-இல் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம் வந்தது. பட்டம் பெற்று, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் கால்நடை வைத்தியம் செய்யலாம் என்பது அதன் சாரம். கால்நடை ஆய்வாளர் போன்ற பயிற்சி பெற்றவர்கள், டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம். இதைச் சொல்வது யாருடைய பிழைப்பையும் கெடுக்க அல்ல. உங்களுக்கு ஒரு அளவுகோல் வேண்டும் அல்லவா?

மூன்று வகைச் செலவு

கால்நடைக்கு ஆகும் செலவை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊர்ச் செலவு, வீட்டுச் செலவு, வீண் செலவு.

ஊர்ச் செலவு என்பது தொற்றுநோய்த் தடுப்பு. கோமாரி ஊசி 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இலவசமாகப் போடப்படுகிறது. கிடாரிக் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்க்கு ஒரே ஒரு ஊசி. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி. இந்த ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-இல், அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில்தான் கண்டறியப்பட்டது. இன்று மேச்சேரி ஆடு, சேலம் கருப்பு ஆடு வைத்திருக்கும் யாரும் இந்த ஊசியைத் தவறவிடக் கூடாது. "ஊசி போட்டால் பால் குறையும்" என்று மாட்டை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. குறைந்தாலும் இரண்டொரு நாளைக்குத்தான். கோமாரி வந்தால் அந்த ஈற்றுப் பாலே போய்விடும். அதோடு நீங்கள் ஒளித்த ஒரு மாடு, பக்கத்து வீட்டு நாலு மாட்டுக்கு எமன்.

வீட்டு நாயையும் மறக்காதீர்கள். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டு பாஸ்டர் மனிதருக்கு முதலில் ஊசி போட்டது 1885-இல். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. ஆனாலும் நோய் வந்தபின் குணப்படுத்த இன்றுவரை வழியில்லை. காவலுக்கு வளர்க்கும் நாய்க்கு மூன்று மாத வயதில் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். அது நாய்க்குச் செய்கிற செலவு மட்டுமல்ல, உங்கள் குழந்தைக்குச் செய்கிற செலவு.

வீட்டுச் செலவு என்பது பிரசவக் கஷ்டம், மடிநோய், வயிறு உப்புசம், சினை பிடிக்காமை இவை. இங்கேதான் கணக்கு வேண்டும். எட்டு லிட்டர் கறக்கும் மாடு என்று வையுங்கள். மடிநோயில் ஒரு காம்பு அடைத்துப் போனால் நாளைக்கு இரண்டு லிட்டர் நட்டம். லிட்டர் முப்பது ரூபாய் என்று வைத்தாலும், இருநூறு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். முதல் நாளே டாக்டரைப் பார்க்கும் செலவு இதில் ஒரு சிறு பங்குதான். பாலில் திரி திரியாக வந்தால், மடி சூடாக வீங்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீங்க.

வீண் செலவு எது? என்ன நோய் என்று தெரியாமலே போடும் ஊசி. தொலைவிலிருந்து டாக்டர் வரணுமே என்று, பையில் ஊசி வைத்துக்கொண்டு சுற்றுகிறவரைக் கூப்பிடுகிறோம். நூறு இருநூறில் முடிந்தது என்று சந்தோஷப்படுகிறோம். வலி மருந்து போட்டதும் மாடு எழுந்து நிற்கும். உள்ளே நோய் அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி படுக்கும். அப்போது டாக்டரைக் கூப்பிட்டால் செலவும் இரட்டிப்பு, பிழைப்பதும் சந்தேகம்.

கண்ட ஊசியால் கெடுதல் மாட்டோடு நிற்பதில்லை. டைக்ளோபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தபின், அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதே மாதிரி கிருமிக்கொல்லி மருந்தை அரைகுறையாகப் போட்டால், அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாது.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில், மாடு நன்றாக இருக்கும்போதே டாக்டரைத் தெரிந்து வையுங்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கால்நடை மருந்தகம், டாக்டர் எந்த நாளில் எந்தக் கிளை நிலையத்துக்கு வருகிறார், அவர் போன் நம்பர் என்ன, இதைத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள். நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். நடக்கிற மாடாக இருந்தால் மருந்தகத்துக்கே ஓட்டிப் போங்கள். வீட்டுக்கு வரவழைக்கும் செலவு மிச்சம்.

தனியார் டாக்டர் என்றால் கவுன்சில் பதிவு உண்டா என்று கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டருக்கு அடையாளம் என்ன? ஊசியை எடுப்பதற்கு முன் காய்ச்சல் பார்ப்பார். மாடு எப்போதிலிருந்து தின்னவில்லை, சாணம் எப்படி, சினையா என்று கேட்பார். முடியாததை முடியாது என்று சொல்வார். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

நீங்கள் கேட்க வேண்டியவை ஐந்து. ஐயா, இது என்ன நோய்? எத்தனை நாள் மருந்து? மொத்தம் எவ்வளவு ஆகும்? எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது? இதைவிடச் சிக்கனமான வழி உண்டா? கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டாம். சில சமயம் உண்டு. மடிநோய் ஆரம்பத்தில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு, அரைத்ததில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து நாளைக்குப் பல தடவை மடியில் பூசும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களே பரப்பியிருக்கிறார்கள். பழைய வாகடமும் புதிய படிப்பும் இப்படிக் கை கோத்தால் நல்லதுதானே? ஆனால் காய்ச்சலோடு மாடு தீனியை விட்டுவிட்டால் பூச்சோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

பனிக்குடம் உடைந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் கன்று வராவிட்டால், நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். காலையில் நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். அது அடைப்பானாக இருக்கலாம், மனிதருக்கும் ஆபத்து. உடனே மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு வார்த்தை. மாட்டை இன்சூர் செய்யுங்கள், காதுத் தோடு விழுந்தால் உடனே சொல்லி மறு தோடு போடுங்கள். தோடு இல்லாத மாட்டுக்குப் பணம் வாங்குவது கஷ்டம். அதோடு, பால் பணம் வரும்போதெல்லாம் ஒரு சிறு தொகையை மாட்டுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஒரு நோட்டில் சினை ஊசி தேதி, கன்று போட்ட தேதி, தடுப்பூசி, குடற்புழு மருந்து, செலவு எல்லாம் எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம், உங்களுக்குப் பாதிச் செலவு மிச்சம்.

குதிரைக்கு மட்டும் இருந்த வைத்தியம் உங்கள் தொழுவத்து மாட்டுக்கு வர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததைக் கூப்பிட்டு வேலை வாங்குவது உங்கள் கையில். அடுத்த தடுப்பூசி முகாம் எப்போது என்று நாளைக்கே மருந்தகத்தில் கேளுங்கள்.