புக்கோம் தீவும் மண்ணெண்ணெய்த் தகரமும்

ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கியது 1973ஆம் ஆண்டில். அதற்கு முன்பு அவ்வட்டாரம் ரப்பர் மரங்களும் சதுப்பு நிலமும் கம்பத்து வீடுகளும் கலந்து கிடந்த நாட்டுப்புறம். மின்கம்பி எட்டாத அக்கம்பங்களில் அந்தி மயங்கியதும் ஏற்றப்பட்டது மண்ணெண்ணெய் விளக்கே. அவ்வெண்ணெய் சிங்கப்பூருக்குக் கப்பலின் வயிறு நிறைய மொத்தமாக வந்து இறங்கிய முதல் துறை, தென்கடலில் உள்ள புக்கோம் என்னும் சிறு தீவு. இத்தீவின் கதையைக் கூறுவோர் கப்பல்களையும் கம்பெனிகளையுமே விரித்துப் பேசுவர். நகரத்தாரின் தீயச்சமும், ஏழை வீட்டுத் தகரமும் அக்கதையை எவ்வளவு தூரம் நடத்திச் சென்றன என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைநாடுகளுக்கு வந்தது பெரிதும் அமெரிக்க எண்ணெய். ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் தகரம் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்துப் பாய்க்கப்பல்களில் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொணர்ந்தனர். மார்க்கஸ் சாமுவேல் என்னும் லண்டன் வணிகர் வேறொரு வழி கண்டார். ருசிய நாட்டுப் பாக்கு எண்ணெய் இருப்புப்பாதை வழியாகக் கருங்கடல் துறையான பாத்தூமுக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் தகரமும் பெட்டியும் இன்றிக் கப்பலின் தொட்டிகளிலேயே நிரப்பி, சூயஸ் கால்வாய் வழியே கொண்டுவந்தால் தூரமும் செலவும் குறையுமன்றோ!

ஆனால் அத்தனை எண்ணெயை எங்கே இறக்குவது? சிங்கப்பூர்த் துறைமுகத்தருகே அதைத் தேக்கிவைக்க அரசாங்கம் இசையவில்லை. நெருக்கமான கடைவீதிகளும் ஓலைக் கூரைகளும் கொண்ட நகருக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆகவே, சாமுவேலின் முகவரான சைம் கம்பெனியார் 1891இல் நகருக்குத் தெற்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள புக்கோமில் இடம் வாங்கித் தொட்டிகளை எழுப்பினர். கப்பல்கள் குடிநீர் எடுத்துச் சென்ற இடமாதலால் ஆங்கிலேயர் அதனை நன்னீர்த் தீவு என்று அழைத்தனர். நன்னீர்த் தீவு எண்ணெய்த் தீவாயிற்று. பின்னாளில் உலகப் பெயர் பெற்ற எண்ணெய்த் துறைமுகம் இவ்வாறு ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட ஒன்றாகவே பிறந்தது.

1892 ஆகஸ்டில் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. அவ்வழியே சென்ற முதல் எண்ணெய்த் தொட்டிக் கப்பல் அதுவே. சரக்கில் ஒரு பகுதியைப் புக்கோமில் இறக்கி, எஞ்சியதைப் பாங்காக்கிற்குக் கொண்டுசென்றது. இத்தகைய கப்பல்களின் தொட்டிகளை நீராவியால் கழுவி, திரும்பும்போது அரிசி முதலிய சரக்குகளை ஏற்றவும் ஏற்பாடு இருந்தது. எண்ணெய் இருந்த தொட்டியில் அரிசியா என்று வியக்கத் தோன்றும். வெறுங்கப்பலாகத் திரும்பினால் கணக்கு உதைக்கும் என்பதை வணிகர் அறிவர்.

கணக்கு உதைத்தது வேறோரிடத்தில். எண்ணெய் மலிவாக வந்திறங்கியும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மக்கள் தத்தம் பாத்திரங்களைக் கொண்டுவந்து வாங்கிச் செல்வர் என எண்ணியிருந்தனர். மக்களோ தகரத்தையும் சேர்த்தே கேட்டனர். அமெரிக்க எண்ணெய் வந்த நீலத் தகரம் அவர்களுக்கு வெறும் உறையன்று. தட்டி நிமிர்த்தினால் கூரை. மேல்மூடியை வெட்டிப் பிடி வைத்தால் வாளி. காவடித் தண்டின் இரு முனையிலும் தொங்கவிட்டால் தண்ணீர்ச் சுமை. அரிசி கொட்டிவைக்கவும், துணி வெளுக்க நீர் காய்ச்சவும் அதுவே உதவிற்று. விளக்கு இரவில் சில நாழிகை எரிந்து அணைந்துவிடும். தகரமோ ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விலை கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்பதை விற்றவர் அறிந்திருக்கவில்லை.

சாமுவேல் உடனே தகரத் தகடுகளைக் கப்பலேற்றிக் கீழ்த்திசைக்கு அனுப்பினார். அந்தந்த நாட்டிலேயே டின்கள் செய்து நிரப்பும் பட்டறைகள் எழுந்தன. புது டின்களுக்குப் பூசப்பட்ட வண்ணம் சிவப்பு. நெடுங்கடல் கடந்து துருவேறி வந்த நீலத்தின் அருகே, உள்ளூரில் பிறந்த சிவப்பு பளபளத்தது. அதன் பிறகே புது எண்ணெய்க்குச் சந்தை திறந்தது.

சொல்லாராய்ச்சியில் நாட்டமுடைய தமிழாசிரியர் இங்குச் சற்று நிற்கலாம். மலாய் மொழியில் இவ்வெண்ணெய்க்கு 'மிஞ்ஞாக் தானா' என்று பெயர். 'மிஞ்ஞாக்' எண்ணெய், 'தானா' மண். நம் 'மண்ணெண்ணெய்' என்பதும் அதே கருத்தில் அமைந்ததே. எள்ளிலும் தேங்காயிலும் எண்ணெய் கண்ட இரு மக்களுக்கும், மண்ணிலிருந்து எண்ணெய் வருவதே வியப்பாகப் பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வழங்கும் 'சீமையெண்ணெய்' என்பது அது கடல் கடந்து வந்ததைச் சொல்கிறது. 'கிருஷ்ணாயில்' என்பதோ ஆங்கிலப் பெயர் கண்ணனின் பெயராகத் திரிந்த வேடிக்கை. புக்கோம் என்ற பெயரும் ஒருவகைச் சிப்பியின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்பர். சாமுவேலின் தந்தையார் கடற்சிப்பி வாணிகம் செய்தவர். மகன் தம் கப்பல்களுக்குச் சிப்பி, சங்கினங்களின் பெயர்களையே இட்டார். 1897இல் அமைந்த 'ஷெல்' கம்பெனியின் பெயருக்கும் அதுவே பொருள். சிப்பித் தீவில் சிப்பிக் கம்பெனி அமைந்தது தற்செயலே.

அக்கம்பெனி 1961இல் புக்கோமில் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. அந்த ஆலை 2025 ஏப்ரலில் வேறு கூட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

நகரத்தார் அஞ்சிய தீ ஒருமுறை வரவே செய்தது. ஆனால் அது கவனக்குறைவால் வந்ததன்று. 1942இல் சிங்கப்பூர் வீழ்ச்சியடையும் தறுவாயில், ஜப்பானியர் கையில் சிக்கலாகாதென்று பிரிட்டிஷ் தரப்பினரே எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தினர். கரும்புகை நகரை மூடிற்று. தொடர்ந்து வந்த பஞ்ச காலத்தில் கம்பத்து வீடுகளில் தேங்காயெண்ணெய்த் திரி மீண்டும் ஏறியது. மண்ணெண்ணெய் கிட்டாத அந்நாளிலும், பழைய தகரம் கிணற்றுக்கும் அடுக்களைக்கும் இடையே தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது.