இரண்டு புத்தகங்கள்: அவசரகாலத்து ஜொகூரில் போலீஸ் பதிவுகள்

தோட்டத்து ஆபீசை அறியாதவர்கள் நம்மில் யார்? அங்கே கிராணியார் முன்னால் ஒன்றல்ல, பல புத்தகங்கள் விரிந்து கிடக்கும். யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்பது செக்ரோலில் ஏறும். பால் எடை ஒரு புத்தகத்தில். ஸ்டோரில் வாங்கிய சாமான் இன்னொன்றில். டிஸ்பென்சரியில் மருந்து வாங்கியவர் பெயர் வேறொன்றில். காய்ச்சலுக்கு மருந்து வாங்கியவரின் பெயரைக் கவனக்குறைவாக வேலைக்கு வராதவர் பக்கத்தில் எழுதிவிட்டால் மாதக் கடைசியில் யார் வயிற்றில் அடி விழும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இன்று கூலாய், செடனாக் பக்கம் தோட்டங்களாக இருந்த நிலத்தில் பெரிய பெரிய கணினிக் கூடங்கள் எழுந்திருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால் இதே கதையைத்தான் வேறு மொழியில் சொல்வார்கள். காவல் காக்கும் கணினிக்கு ஒரு நாளில் எண்ணற்ற செய்திகள் வருகின்றன. ஒவ்வொரு செய்தியும் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று குறித்துத் தனித்தனியே பிரிக்காவிட்டால், கள்ளன் நுழைந்ததும் தெரியாது. வீட்டுக்காரனையே கள்ளன் என்று பிடித்தாலும் பிடிக்கும். இந்தத் தொல்லை கணினியோடு பிறந்ததல்ல. நம் ஜொகூர் மண்ணிலேயே, காகிதமும் மையும் கொண்டு எழுதிய காலத்தில் இது உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

ஜப்பான்காரன் போனபின் 1946ல் ஆங்கில அரசு மலாயன் செக்யூரிட்டி சர்வீஸ் என்ற உளவு அலுவலகத்தை அமைத்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து ஒரே அலுவலகம். ஜான் டேலி என்பவர் அதன் தலைவர். அது போலீஸ் படையிலிருந்து தனியாக நின்றது. செய்தி சேர்க்கலாம், ஆளைக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. இந்தோனேசியாவைப் பார்த்து எழுச்சி பெற்ற மலாய் இளைஞர்கள், சீனக் கம்யூனிஸ்டுகள், கூலி உயர்வு கேட்ட இந்தியத் தொழிற்சங்கத்தார் எல்லாரைப் பற்றிய குறிப்புகளும் அதன் அரசியல் இதழில் அடுத்தடுத்து வந்து குவிந்தன. குவியலில் எது நெருப்பு, எது புகை என்று தெரியாமற் போயிற்று. 1948 ஜூன் 14ஆம் நாளிட்ட இதழில் நாட்டின் பாதுகாப்புக்கு உடனடி அபாயம் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். நிலைமை ஆபத்தாக மாறக்கூடும் என்று ஒரு வால் சேர்த்தார்கள் என்பதும் உண்மையே. இரண்டே நாள் கழித்து, ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேராக்கிலும் ஜொகூரிலும் முதலில் அவசரகாலம் அறிவித்து, ஜூன் 18ல் நாடு முழுவதற்கும் அதை விரித்தனர். அந்த உளவு அலுவலகம் ஆகஸ்டில் கலைக்கப்பட்டது.

பிறகு செய்தது என்ன? உளவு வேலையைப் போலீசிலேயே குற்றப் புலனாய்வுப் பிரிவின், அதாவது சி.ஐ.டி.யின், கீழே ஸ்பெஷல் பிராஞ்ச் என்ற பெயரில் வைத்தார்கள். முன்பு தனியாக நின்றது இப்போது மற்றொன்றுக்குள் புதைந்தது. சாதாரண உடையில் வருகிற போலீஸ்காரர் எவரானாலும் நம் மக்கள் 'சி.ஐ.டி.' என்று சொல்லும் பழக்கம் உண்டல்லவா? அவர்கள் புத்தகத்தில் இருந்த கலப்படம் நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது போலும்!

இந்தக் கலப்படத்தால் என்ன தீங்கு என்று கேட்பீர்கள். குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரவோடிரவாக ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை அரிசி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பசியால் எவனோ திருடியிருக்கலாம். அது குற்றம், சாட்சி தேடிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம். காட்டில் இருப்பவர்களுக்குப் போயிருக்கலாம். அப்போது திருடியவனைவிட அந்த மூட்டை போன வழியே முக்கியம். உடனே ஆளைப் பிடித்தால் வழி மறைந்துவிடும். கூலித் தகராற்றில் கோபப்பட்ட எவரோ செய்ததாகவும் இருக்கலாம்; அப்போது அது தொழில் இலாகா பார்க்கவேண்டிய காரியம். சம்பவம் ஒன்று, சேரவேண்டிய புத்தகமோ மூன்று. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் எழுதி, ஒரே ஆளைக் கொண்டு விசாரித்தால், மூன்றுக்கும் ஒரே மருந்துதான் கிடைக்கும். அந்த மருந்து அந்நாளில் விசாரணையற்ற காவலாகவும், நாடு கடத்தலாகவும் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அப்படிக் காவலில் கிடந்தனர்.

தொழிற்சங்க விஷயத்தில் இது நம்மவர்களைச் சுட்டது. அவசரகாலத்துக்கு முன்பே, 1948 ஜூன் முதல் நாள், சிகாமட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீசார் பாய்ந்ததில் தொழிலாளர் உயிரிழந்தனர். அதே மாதம் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் மன்றாடியும் பலிக்கவில்லை. அவரது தோழர் வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்குப் பலமாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் ரேஷன் அரிசி போதவில்லை என்று கை தூக்கிய பால்வெட்டுக்காரரும் துப்பாக்கி தூக்கியவரும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டனர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பயத்தால் தோட்டங்களில் சங்கப் பேச்சே அடங்கியது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாக 1954 ஆயிற்று.

1950ல் ஜெனரல் பிரிக்ஸ் வந்தார். உளவுதான் நம் பக்கத்தின் பலவீனம் என்று அவர் கண்டார். அவர் திட்டப்படி அந்த ஜூன் மாதம் முதலில் கை வைத்த இடம் ஜொகூர்தான். காட்டோரம் சிதறிக் கிடந்த சீனர்களைக் கம்பிவேலிக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தனர். நாடு முழுவதும் சேர்த்து அவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் திரட்டப்பட்டனர். ஒதுக்குப்புறத்து லயங்களைப் பிரித்து ஆபீசுக்குப் பக்கத்தில் கட்டியதும், வெளிச்சம் போட்ட கம்பிவேலியும், கேட்டில் நின்று சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்த காவலாளும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அதே திட்டத்தில் மாநிலத்துக்கொரு போர்க்குழு, மாவட்டத்துக்கொரு போர்க்குழு என்று ஏற்பட்டன. மாவட்ட அதிகாரி, போலீஸ் அதிகாரி, இராணுவ அதிகாரி மூவரும் ஒரே அறையில், ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்தார்கள். அதுவரை சிப்பாய் கண்டது சிப்பாயோடும், போலீஸ் கேட்டது போலீசோடும் நின்றுவிடும்.

ஆனால் ஒரே மேசை வந்தும் புத்தகங்கள் பிரியவில்லை. இந்தியப் போலீசில் உளவுத்துறை அனுபவம் பெற்ற வில்லியம் ஜென்கின் 1950ல் ஆலோசகராக வந்து, ஸ்பெஷல் பிராஞ்சை சி.ஐ.டி.யிலிருந்து பிரிக்க வேண்டும் என்று வாதாடினார். போலீஸ் கமிஷனர் கிரேயோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. மனம் கசந்து போய்விட்டார். 1951 அக்டோபர் 6ல் ஹை கமிஷனர் கர்னி பிரேசர் மலைப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு டெம்ப்ளரும், புதிய போலீஸ் கமிஷனர் ஆர்தர் யங்கும் வந்தபின்தான் காரியம் நடந்தது. 1952ல் ஸ்பெஷல் பிராஞ்ச் தனிப் பிரிவாயிற்று. குற்றம் ஒரு பக்கம், உளவு ஒரு பக்கம். இராணுவம் தன் உளவு அதிகாரிகளை ஸ்பெஷல் பிராஞ்ச் அலுவலகத்திலேயே உட்காரவைத்தது.

இதனால் நம்மவர் பயம் தீர்ந்ததா? இல்லை. குற்றப் புத்தகத்தில் பெயர் ஏறினால் கோர்ட்டில் வாதாடலாம். சந்தேகப் புத்தகத்தில் ஏறிய பெயரை அந்தப் பெயருக்குரியவரே பார்க்க முடியாது. நம் கருத்தில், பிரித்தது வேலையைத் திருத்தியது. ஆனால் நியாயத்தைப் பாதிதான் திருத்தியது.

வேலை திருந்தியதற்கு ஜொகூரே சாட்சி. 1958 ஏப்ரலில் தென்பகுதிக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லுங் சரணடைந்தார். பழைய நாளாயிருந்தால் கைது, வழக்கு, பத்திரிகைச் செய்தி என்று அன்றே முடிந்திருக்கும். ஸ்பெஷல் பிராஞ்சோ பல மாதங்கள் மூச்சுவிடவில்லை. அவரையே காட்டுக்குள் அனுப்பி, அவர் ஆட்கள் ஏறக்குறைய 160 பேரை வெளியே வரச்செய்தது. மலாக்காவில் 1953 செப்டம்பரிலேயே வெள்ளைப் பகுதி அறிவித்து, ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். ஜொகூர் மக்களோ இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1960 ஜூலை 31ல் அவசரகாலம் முடிந்தது. வேலிகள் துருப்பிடித்தன, லயங்கள் போயின. ஆனால் 1948ல் தொடங்கிய ஒரு பதிவு மட்டும் நின்றுபோகவில்லை. 12 வயதானவர் எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து வாங்கவேண்டும் என்று அப்போது விதித்த அடையாளக் கார்டே அது. இன்றும் நம் பிள்ளைகள் 12 வயதில்தான் போய் ஐ.சி. எடுக்கிறார்கள்.