வில்லும் சொல்லும்: லால்குடி ஜெயராமனின் இசைப்பணி

அயல்நாட்டுப் பொருளொன்று வந்து சேரும்போது அதன் பெயரும் உடன் வருதல் மொழி வரலாற்றில் இயல்பு. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழியிலிருந்து மலாய்மொழி ஏற்றுக்கொண்ட சொற்களுள் ஒன்று ‘பியோலா’. நாம் வயலின் என வழங்கும் கருவியே அது. இம்மாநிலத்தின் மரபிசையான டொண்டாங் சாயாங்கில், பாடுவோர் மாறிமாறித் தொடுக்கும் பந்துன்களோடு இன்றும் அக்கருவி இழைந்தொலிக்கிறது. எனவே கோலா சுங்கை பாரு வட்டாரத்து மாணவர்க்கு வயலின் அயலான கருவியன்று. அதே கருவி தென்னிந்திய இசையில் வேறொரு வழியில் வேரூன்றியது. அவ்வழியை உயர்நிலைக்குக் கொண்டுசென்றவர்களுள் ஒருவரான லால்குடி கோ. ஜெயராமனின் வாழ்வே இவ்வுரையின் பொருள்.

கருவி தமிழ்நெறிக்கு வந்தமை

தென்னிந்திய இசைக்கு வயலினைக் கொணர்ந்தோருள் முதற்கண் எண்ணத்தக்கவர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859). அவர் சென்னையில் ஐரோப்பியக் கலைஞரிடம் அதனைப் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, அதைத் திருவிதாங்கூர் அரசவையில் ஒலிக்கச் செய்து, சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார்.

ஐரோப்பியர் அக்கருவியை முகவாயின்கீழ்த் தாங்கி வாசிப்பர். நம்மவரோ சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலக்காலின்மேல் ஊன்றி, மறுமுனையைத் தோளருகே சார்த்திக்கொண்டனர். கருவி அசையாது நின்றமையால், இடக்கை அதனைத் தாங்கும் சுமையின்றி, தந்தியின்மீது வழுக்கிக் கமகங்களை எழுப்ப முடிந்தது. தந்திகளும் ச–ப–ச–ப என்னும் முறையில் சுருதி கூட்டப்பட்டன. கருவியின் வடிவம் மாறவில்லை. அதனை ஆளும் நெறியே மாறியது. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு பொருந்தி வரவேண்டும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நெறியோடு இது ஒப்புநோக்கத்தக்கது. இக்கருவியின் மற்றொரு பெயரான ‘பிடில்’ என்பதிலும், ஆங்கிலச் சொல்லின் முதலொலி தமிழில் பகரமாயிற்று.

பக்க இசையும் தனி இசையும்

1930 செப்டம்பர் 17 அன்று பிறந்த ஜெயராமன், தியாகராசரின் மாணவரான லால்குடி இராமையரின் வழித்தோன்றல். தந்தையார் வி. ஆர். கோபால ஐயரே அவருக்கு ஆசிரியர். 12ஆம் வயதிலேயே பக்கவாத்தியக் கலைஞராக அரங்கேறிய அவர், அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் போன்ற பெரும்பாடகர்க்கு வாசித்தார். பாடகர் அடுத்து எங்குச் செல்வார் என்பதைச் செவியால் உணர்ந்து உடன்செல்வது பக்க இசை. ஒவ்வொருவருக்கும் பாணி வேறு. சொல்லை உச்சரிக்கும் முறையும் வேறு. இக்கேள்வியறிவே பின்னாளில் அவருடைய தனிவாசிப்புக்கு முதலாயிற்று.

வயலினுக்கு வாய் இல்லை. ஆயினும் பாடலின் சொற்களைக் கேட்போர் உய்த்துணருமாறு அவர் வாசித்தார். சொல்லின் நடுவே வில் திசை மாறுமாயின் அச்சொல் முறியும். பிழைபடப் பிரித்துப் படித்த செய்யுளடி போலப் பொருள் சிதையும். ஆகவே சொல் தொடங்குமிடத்தில் வில்லுக்கு அழுத்தம் வேண்டும். நெடிலோசை ஒரே வீச்சில் நீளவேண்டும். ‘லால்குடி பாணி’ எனப் பெயர்பெற்ற அவ்வாசிப்பின் உயிர்நிலை, குரலிசையை ஒட்டிய இந்நெறியே ஆகும்.

1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெகுதி மெனுகின் இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார். மேலையிசை மேதையே, பிறிதொரு நெறியில் அக்கருவி பெற்ற நிறைவை மதித்தார் என்பதை இங்கு உணரலாம். 1966 முதல் குழற்கலைஞர் என். ரமணி, வீணைக்கலைஞர் ஆர். வெங்கட்ராமன் ஆகியோருடன் அவர் நிகழ்த்திய மூவிசை அரங்குகளும் புகழ்பெற்றவை.

ஆசிரியரும் இயற்றுநரும்

அவருடைய தில்லானாக்களும் வர்ணங்களும் பரதநாட்டிய மேடைகளில் நிலைபெற்றுள்ளன. சாருகேசி இராகத்தில் அவர் இயற்றிய தமிழ்ப் பதவர்ணம் ஆடுவோர் பலரும் விரும்பிக் கற்பது. பத்மஸ்ரீ (1972), பத்மபூஷண் (2001) ஆகிய விருதுகள் அவரை அணி செய்தன. 2013 ஏப்ரல் 22 அன்று சென்னையில் மறைந்தார்.

மகன் ஜி. ஜெ. ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி ஆகியோர் அவரிடம் பயின்ற வயலின் கலைஞர்கள். ஆனால் பம்பாய் ஜெயஸ்ரீ, சாகேதராமன் முதலியோர் வாய்ப்பாட்டுக் கலைஞர்கள். பாடகர்கள் வயலின் ஆசிரியரை நாடிச் சென்று பாடக் கற்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. வில்வழியே சொல்லைக் காத்தவரிடம் சொல்லையே கற்கலாம் என அவர்கள் தெளிந்திருந்தனர்.

பன்மொழிச் சூழலில் வாழும் நம் மாணவர் நாவில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் நாள்தோறும் வந்துசேர்கின்றன. வருவதைக் கண்டு ஆசிரியர் அஞ்ச வேண்டுவதில்லை. அது எந்த நெறிக்கு உட்பட்டு ஒலிக்கிறது என்பதையே கருத வேண்டும். தமிழின் ஒலியும் தொடரமைப்பும் மாணவரிடம் உறுதியாக இருப்பின், வந்தது தமிழுக்கு வளமாகும். அவை தளர்ந்துவிடின், இருப்பதும் அயலாகிவிடும். அவ்வுறுதி செவிப்பயிற்சியால் வருவது. லால்குடியார் பல்லாண்டு பிறர் பாடக் கேட்டுப் பெற்றதும் அதுவே. வகுப்பறையில் செய்யுளை வாய்விட்டுப் படிக்கவும், பிறர் படிக்கச் செவிமடுக்கவும் இடம் தருவதே அதற்கு முதற்படி.