இருள்நாயக ஈர்ப்பு

குற்றத் தொடர்களில் அறம் பிறழ்ந்த பாத்திரத்தின்மீது பார்வையாளர் கொள்ளும் பற்று. இது இணையத் தொடர்களோடு வந்த பழக்கமன்று. கழுவேறிய காத்தவராயனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும் தமிழ்நாட்டில் தெய்வங்கள். சந்தைகளில் பாடி விற்ற கொலைச்சிந்துகளுக்கு உண்மைக் கொலைகளே பொருள். ஆனால் குற்றம் மட்டுமே ஈர்ப்பதில்லை, சொல்பவரின் குரலும் ஈர்க்கிறது. 2023இல் சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பனைப் பற்றி இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன. நெட்ஃபிளிக்ஸ் தொடர் பெரும்பாலும் காவலர், வனத்துறையினர், மனைவி முத்துலட்சுமி ஆகியோரின் நினைவுகளால் ஆனது. ஜீ5இன் 'கூச முனிசாமி வீரப்பன்' நக்கீரன் இதழ் பதிவுசெய்த அவரது பேட்டியை நடுவில் வைக்கிறது. அதில் வீரப்பனே சிரிக்கிறார், நடித்துக் காட்டுகிறார், கதை சொல்கிறார். ஆள் ஒருவர்தான்; நெருக்கம்தான் வேறு.

இந்த நெருக்கம் கொலையைப் புனிதமாக்குகிறது என்பது வலுவான மறுப்பு. பாதி உண்மை. பேசத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் காது, செத்தவனுக்குக் கிடைப்பதில்லை. எனினும் அதே ஜீ5 தொடர், அவரைத் தேடிய அதிரடிப்படையின் சித்திரவதைக்கு ஆளான கிராமத்தாரையும் பேசவைக்கிறது. அரசின்மேல் உள்ள கசப்பும் அந்தப் பற்றில் கலந்திருக்கிறது. தவிர, ரசிப்பதும் வணங்குவதும் ஒன்றல்ல. வீரப்பன் பிறந்த கோபிநத்தத்தில், அவர் 1991இல் கொன்ற வன அதிகாரி சீனிவாஸின் படம், அந்த அதிகாரி எழுப்பிய மாரியம்மன் கோயிலில் போற்றப்படுகிறது.