இல்லக் கல்வியும் அமெரிக்க வரலாற்று நூல்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே வைத்துக் கற்பிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. 1993ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க்கில் பெற்றோர் ஆண்டுதோறும் பாடத்திட்டம் அளிப்பதோடு காலாண்டு அறிக்கையும் தருதல் வேண்டும். டெக்சாசில் கட்டுப்பாடு மிகக் குறைவு. ஆயினும் நூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரையே சார்கிறது.

கணிதத்தில் நூல் மாறினாலும் விடை மாறுவதில்லை. வரலாற்றிலோ நூல் மாறினால் விடையே மாறிவிடக் கூடும். பள்ளியில் ஒரு நூல் பிழைபடக் கூறினால், அதனை மறுத்துரைக்க ஓர் ஆசிரியர் இருக்கலாம். உடன் பயிலும் ஒரு மாணவர் எழுந்து வினவலாம். இல்லத்தில் பயிலும் பிள்ளைக்கு மேசைமீதுள்ள நூலே பல வேளைகளில் முழு வகுப்பறையாகிவிடுகிறது. ஆதலின் உயர்நிலைப் பள்ளிப் பருவத்துக்குரிய அமெரிக்க வரலாற்று நூலைத் தேர்வது, விலையையும் அட்டையையும் பார்த்து முடிக்கத்தக்க செயலன்று.

பாடநூலின் பின்புலம்

பாடநூல்கள் நடுநிலையாகவே பிறக்கின்றன என்று நம்புவோர், அந்நூல்களின் வரலாற்றையும் சற்றே நோக்குதல் நலம். முதல் உலகப் போர் முடிந்த பின்னர், தென்மாநிலப் பெண்டிர் அமைப்பொன்றின் வரலாற்றாசிரியராக விளங்கிய மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட் என்பார், பாடநூல்களை அளந்து பார்ப்பதற்கென்றே ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடிமைகளைத் தக்கவைத்துக்கொள்ளவே தென்மாநிலங்கள் போரிட்டன என்று கூறும் நூல் எதுவாயினும் அதனைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. இத்தகைய இயக்கங்களின் செல்வாக்குத் தென்மாநிலப் பள்ளிகளில் பல தலைமுறைகள் நீடித்தது.

1935இல் அறிஞர் டூ பாய்ஸ், கறுப்பின மக்களின் மறுசீரமைப்புக் காலப் பங்களிப்பை ஆராய்ந்து ஒரு பெருநூல் எழுதினார். அதன் இறுதி இயலில், அக்காலப் பாடநூல்கள் எவ்வாறு உண்மையைத் திரித்தன என்பதைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார். எனினும் பாடநூல்கள் மாறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

உரைகல்லாகும் காலம்

பொன்னின் மாற்றறிய உரைகல் வேண்டும். அமெரிக்க வரலாற்று நூலுக்கு அத்தகைய உரைகல் 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலமே எனலாம். உள்நாட்டுப் போர் முடிந்ததும் அரசியல் சட்டத்தில் மூன்று திருத்தங்கள் செய்யப்பட்டன. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1868இல் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் உறுதியாயின. 1870இல் இனத்தின் பெயரால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்று விதிக்கப்பட்டது. அதே 1870இல் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் செனட் அவைக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவரானார். பின்னர் வன்முறையாலும் சூழ்ச்சியாலும் இவ்வுரிமைகள் பறிக்கப்பட்டன.

பழைய பாடநூல்கள் இக்காலத்தை ஊழலாட்சிக் காலமென்றே சித்திரித்தன. அதன் விளைவு எத்தகையது என்பதற்கு ஜேம்ஸ் லோவன் கூறும் செய்தியொன்று சான்று. மிசிசிப்பியில் கறுப்பின மாணவர் பயிலும் டூகலூ கல்லூரியில் அவர் கற்பித்தபோது, மறுசீரமைப்பு என்றால் என்னவென்று முதலாண்டு மாணவரிடம் வினவினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆட்சியைக் கைப்பற்றிச் சீரழித்தனர், வெள்ளையர் மீண்டும் பொறுப்பேற்க நேர்ந்தது என்றே அவருள் பெரும்பாலோர் விடையளித்தனர். கறுப்பினத்தவர் எவரும் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்ததே இல்லை. தம் முன்னோரைப் பழிக்கும் பொய்யை அம்மாணவர்களே மெய்யெனக் கற்றிருந்தனர். இதனினும் கொடிய இழப்பு யாதுளது?

லோவனும் சார்லஸ் சாலிசும் பிறரும் இணைந்து 1974இல் மிசிசிப்பி வரலாற்றுக்குப் புதிய பாடநூலொன்றை வெளியிட்டனர். மாநிலப் பாடநூல் குழு அதனை ஏற்க மறுத்தது. வழக்கு நடந்து, 1980இல் கூட்டாட்சி நீதிமன்றம் நூலாசிரியர் பக்கம் தீர்ப்பளித்தது. லோவன் 1995இல் வெளியிட்ட பாடநூல் ஆய்வு அமெரிக்காவெங்கும் பரவலாகப் படிக்கப்பட்டது.

இரு நூல்களின் தேவை

இன்று பெற்றோர்முன் நூல்கள் பல உள்ளன. ஹவர்ட் ஜின் 1980இல் எழுதிய மக்கள் வரலாறு, பூர்வகுடிகள், அடிமைகள், தொழிலாளர் ஆகியோரின் நோக்கிலிருந்து நாட்டைக் காண்கிறது. தாம் ஒரு பக்கம் சார்ந்தே எழுதுவதை அவர் மறைக்கவில்லை. வில்ஃபிரட் மெக்ளே 2019இல் வெளியிட்ட நூலோ, நாட்டின் குறைகளைக் கூறினும் அதன் குறிக்கோள்மீது நம்பிக்கையூட்டும் நோக்குடையது. ஒன்றை மட்டுமே தந்தால் பிள்ளை ஆசிரியரின் தீர்ப்பை மனனம் செய்யும். ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் படிக்கச் செய்தால், ஒன்று கூறியதை மற்றொன்று ஏன் விடுத்தது என்று தானே வினவத் தொடங்கும். அவ்வினாவே வரலாற்றறிவின் தொடக்கமாகும். பொருள் வசதி குறைந்தோர்க்கு, கல்லூரிப் பேராசிரியர்கள் எழுதி இணையத்தில் விலையின்றி வழங்கும் பாடநூல்களும் கிடைக்கின்றன.

மூல ஆவணங்கள்

இவ்விரண்டிற்கும் மேலாக நடுவராய் நிற்பவை மூல ஆவணங்களே. உள்நாட்டுப் போரின் காரணம் பற்றி நூல்கள் முரண்படுமாயின், மிசிசிப்பி 1861இல் தான் பிரிந்து செல்வதற்குக் காட்டிய காரணங்களைப் பிள்ளையே படிக்கட்டும். தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்ததென்று அம்மாநிலமே அதன் தொடக்கத்தில் வெளிப்படையாகக் கூறுகிறது. பிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு பதின்பருவத்தினர் எளிதில் படிக்கத்தக்க சிறு நூல். 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகளிடம் நேரில் கேட்டுப் பதிவுசெய்யப்பெற்ற 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை நாடாளுமன்ற நூலகம் எவரும் காணுமாறு வைத்துள்ளது. கூறியவர்கள் முதியோர்; எழுதிக்கொண்டோருள் பெரும்பாலோர் வெள்ளையர். ஆகவே சான்றுகளையும் எடைபோட்டே ஏற்க வேண்டும் என்னும் பாடமும் அவற்றுள் அடங்கியுள்ளது.

நிறைவாக

நூல் வாங்கும் பெற்றோர் முதற்பக்கத்திலிருந்து புரட்ட வேண்டுவதில்லை. மறுசீரமைப்பு இயலைத் திறந்து மூன்று வினாக்களை எழுப்பினால் போதும். அடிமை முறையே போரின் வேர் என்று நூல் தெளிவாகக் கூறுகிறதா? விடுதலை பெற்றோர் தாமே இயங்கிய மாந்தராகக் காட்டப்படுகின்றனரா? கூறும் செய்திக்குச் சான்று தரப்படுகிறதா? சொல்பவர் யாராயினும் மெய்ப்பொருளை ஆய்ந்து காண வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. தன் நாட்டை அறியப் புகும் பிள்ளைக்கு அந்நெறியைப் பழக்கும் நூலே நன்னூல். அத்தகைய நூலைப் பயின்ற பிள்ளை, பிறிதொரு நாள் தவறான நூலொன்று தன் கைக்கு வந்தாலும் ஏமாறாது.