சிறு நகரமும் பெருந்தொழிலும்

புதிதாக ஒரு தொழிலைத் தொடங்க விழைவோர் எத்தகைய ஊரை நாடுவர்? நீர்வளம் நிறைந்த ஊரை நாடுவர். அன்றேல் துறைமுகத்தை அடுத்த பெருநகரை நாடுவர். இவ்விரண்டும் இல்லாத ஒரு சிறு நகரம் நாடெங்கும் அறிந்த தொழில் நகரமாக வளர்ந்த வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அந்நகரம் சிவகாசி.

முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் விளங்கும் இந்நகரைச் சூழ்ந்திருப்பது வறண்ட நிலம். உழவர் வானத்தை நம்பினர். வானமோ அடிக்கடி பொய்த்தது. வயலில் வேலை இல்லாத நாள்கள் மிகுதி. வெயிலும், வேலை தேடும் கைகளுமே அவ்வூரின் செல்வம் என்றால் அது மிகையன்று.

அக்காலத்தில் நம் வீடுகளில் விளக்கேற்றிய தீப்பெட்டிகளுட் பெரும்பாலன ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. 1922இல் அரசாங்கம் அவற்றின்மீது இறக்குமதி வரியை உயர்த்தவே, உள்நாட்டில் தீப்பெட்டி செய்வோர்க்கு வழி பிறந்தது. அவ்வாண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். உறவினரான அவ்விருவரும் அங்கே தங்கி, தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர்.

தொடக்கத்தில் அவர்கள் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்தனர். ஆயினும் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் மனந்தளராது, கையாற் செய்யும் முறைக்கு மாறினர். குச்சிகளைச் சட்டங்களில் வரிசையாகக் கட்டை அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், குச்சி அடைப்பதும் கைவேலைகள். மருந்தில் தோய்த்த குச்சியும் ஒட்டிய பெட்டியும் நன்கு காய வேண்டும். ஈரக் காற்று இத்தொழிலுக்குப் பகை. உழவனை வாட்டிய அதே வெயில் தீப்பெட்டித் தொழிலுக்கு முதலீடாயிற்று! ஊரின் குறை எனக் கருதப்பட்டதையே அதன் நிறைவாகக் கண்ட அறிவு இங்கே நாம் போற்றத்தக்கது.

ஒரு தொழில் மற்றொரு தொழிலை ஈன்றது. 1927இல் விருதுநகரையும் தென்காசியையும் இணைத்த இருப்புப்பாதை சிவகாசி வழியாகச் சென்றது. சரக்குகள் வருவதும் போவதும் எளிதாயின. தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது; அதற்கென அச்சகங்கள் எழுந்தன. சீட்டு அச்சடித்தவர்கள் பின்னர் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சடித்தனர். வேதிப்பொருள்களைக் கையாண்ட பழக்கம் பட்டாசுத் தொழிலுக்கு உதவிற்று. 1940இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் தோன்றின. உலகப் போரினால் அயல்நாட்டுச் சரக்கு தடைப்பட்டமை அவற்றுக்குத் துணையாயிற்று. ஸ்வீடன் நாட்டு முதலுடன் பம்பாயை அடுத்த அம்பர்நாத்தில் நிறுவப்பட்ட பேராலையின் போட்டிக்கு நடுவே இச்சிறு ஆலைகள் நிலைத்து நின்றன. சிறு ஆலைகளுக்கு அரசாங்கம் விதித்த குறைந்த கலால் வரியும் அதற்கு ஒரு காரணம். ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரும் ஊருக்கு வாய்த்தது. தொழிலில் ஈட்டிய பொருள் கல்விக்கும் பயன்பட்டது. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தோன்றிற்று.

இவ்வளவோடு வரலாற்றை நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். கைவேலை மிகுந்த அத்தொழில் சிறுவர் சிறுமியரின் கைகளையும் விட்டுவைக்கவில்லை. பல்லாண்டுக் காலம், சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியுமுன்னரே குழந்தைகள் ஆலைக்குச் சென்றனர். நீங்கள் ஏடும் எழுதுகோலும் ஏந்தும் வயதில் அவர்கள் குச்சி அடுக்கினர். சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சட்டத்தை மீறிப் பணிக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. பட்டாசு ஆலைகளின் விபத்துகளோ இன்னொரு துயரம். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே, ‘எங்கள் ஊருக்குத் தொழில் தொடங்க வாருங்கள்’ என்று ஒரு நகரம் அழைக்குமானால், நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. அவ்வூர் மக்கள் கற்கவும், கற்றதை ஊரின் இயல்புக்கேற்ப மாற்றவும் வல்லவரா என்பது ஒன்று. காலையில் ஆலைக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்புவாரா, அவர்தம் குழந்தைகள் பள்ளி செல்வரா என்பது மற்றொன்று. குறைந்த கூலியையும் மலிந்த நிலத்தையும் மட்டும் காட்டி அழைக்கும் ஊர் முதல் வினாவுக்கே விடை கூறாது.

2021இல் சிவகாசி மாநகராட்சியாக உயர்ந்தது. கல்கத்தாவுக்கு இருவர் சென்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்த காலம் அது. முதல் வினாவுக்கு அந்நகரம் நன்றாகவே விடை கூறிவிட்டது. இரண்டாம் வினாவுக்கு முழுமையான விடை கூறும் பொறுப்பு, நாளை தொழில் நடத்தப்போகும் உங்களையே சார்ந்தது.