திண்டுக்கல் நகராட்சியும் படிமுறைப் பேராளர் ஆட்சியும்

ஆங்கிலேயர் இந்நாட்டு மக்களுக்குப் பேராளர் ஆட்சியைப் படிப்படியாகப் பயிற்றி, இறுதியில் முழு உரிமையும் நல்கினர் என்பார் உளர். அக்கூற்றினைத் திண்டுக்கல் நகரின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866இல் இந்நகரில் நகராட்சி நிறுவப்பெற்றது. அச்சட்டத்தின்படி உறுப்பினர் அரசினரால் அமர்த்தப்பெற்றோரே. வரி செலுத்தியோரோ நகர மக்கள். சாலை, துப்புரவு முதலியவற்றோடு காவற்செலவும் அவர்தம் வரியைச் சார்ந்தது. ஆகவே வரி முந்திற்று, வாக்கு பிந்திற்று.

1871ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் இசைவோடு தேர்தல் நடத்த வழி வகுத்தது. 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தையொட்டி எழுந்த 1884ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் வரை தேர்ந்தெடுக்கப்பெற இடந்தந்தது. எனினும் வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே உரியதாயிற்று.

இவ்வளவுகோல் மாகாண ஆட்சியிலும் தொடர்ந்தது. 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாக்காளர் தொகையைப் பெருக்கின. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்டிர்க்கும் வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. ஆயினும் சொத்தும் வரியும் தகுதியாக நின்றமையின், நிலமற்ற உழவரும் கூலியாளரும் பெரும்பாலும் புறத்தே நின்றனர்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பே வரியையும் வாக்கையும் பிரித்து, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. ஆதலின் அது பழைய ஏணியின் இறுதிப்படி அன்று. வேறொரு கொள்கையின் முதற்படி என்பதே பொருந்தும்.